இடப்பக்கப் பை

அடுப்புத் தீக்கு மேலே ஸ்வெட்டரைப் பிடித்து, திருப்பித் திருப்பிச் சூடு காட்டிக்கொண்டிருந்தான்.

"தோசை மாதிரி திருப்பறீங்கப்பா," என்றாள் மகள்.

"சட்னி ஊத்தட்டுமா?"

"ஊத்துங்க. மிஸ் திட்டினா உங்க பேரைச் சொல்லிருவேன்."

பிரதிக்ஷாவுக்கு ஏழு வயது. தம்பி லோகித் அவள் முதுகோடு ஒட்டி நின்று அந்தச் சூட்டில் பங்கு கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே கேரட் தோட்டம் முழுக்க உறைபனி, உப்பைக் கொட்டினாற்போல.

சூடு ஆறுமுன் மகளுக்கு மாட்டிவிட்டான். பொத்தான்களைப் போட்டான். மூச்சு முட்டினால் வாயில் வைத்து இழுக்கிற பம்ப்பை இடப்பக்கப் பைக்குள் வைத்து, மேலே இரண்டு தட்டுத் தட்டினான்.

தினமும் செய்கிறதுதான்.

குளிர் தொடங்கினால் அவளுக்கு வீசிங் வந்துவிடும். பள்ளி ஸ்வெட்டரில் பை கிடையாது. பினஃபோரிலும் கிடையாது. புத்தகப் பையில் வைத்தால் பிரேயர் நேரத்தில் அது வகுப்பில் கிடக்கும். அவன் மனைவி கலாவதிதான் யோசித்து, சின்னதாகிப்போன கவுன் ஒன்றை வெட்டி, மஞ்சள் பூப் போட்ட அந்தத் துணியில் ஸ்வெட்டருக்கு ஒரு பை வைத்துத் தைத்தாள். நெஞ்சுக்கு நேரே. கையை வைத்ததும் அகப்பட வேண்டும் என்று.

வகுப்பு மிஸ்ஸிடம் சொல்லியிருந்தார்கள். டாக்டர் சீட்டையும் கொடுத்திருந்தார்கள். சரி என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்று திங்கட்கிழமை. யூனிஃபார்ம் பார்க்கிற நாள். பள்ளித் தாளாளரே வந்திருந்தார், காதுவரை சால்வையைச் சுற்றிக்கொண்டு.

மஞ்சள் பூ அவர் கண்ணை உறுத்தியது.

ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார்.

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கழற்றிக் கொடுத்தாள்.

ஆயா அதைக் கொண்டுபோய் ஆபீஸ் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். கட்டடத்து நிழல் பிள்ளைகள் நின்ற பக்கம். வெயில் ஆசிரியர்கள் நின்ற பக்கம். பிரேயர் முடிகிறவரை யாரும் அசையக் கூடாது என்பது அங்கே சட்டம்.

அவள் அசையவில்லை.

முடிந்த பிறகுதான் விழுந்தாள்.

சாவி யாரிடம், சாவி யாரிடம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்களாம்.

எதிர் வரிசையில் நின்ற லோகித் அன்று சாயங்காலம் சொன்னான். "அக்கா இங்கயே தடவிட்டு இருந்துச்சுப்பா." தன் நெஞ்சின் இடப்பக்கத்தில் கை வைத்துக் காட்டினான். "அக்காவுக்கு அங்க அரிச்சுதா?"

கலாவதி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

காரியத்துக்கு முந்தின நாள் பள்ளியிலிருந்து பெரிய மாலையோடு வந்தார்கள். காப்பி வேண்டாம் என்றார்கள். அவளுக்கு ஏற்கெனவே நெஞ்சு பலவீனமாமே என்றார் ஒருவர். தாளாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே சார். ஒருத்தருக்கு விட்டா..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கலாம்.

ஒருத்தருக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனும் யோசித்துப் பார்த்தான். பள்ளிக்கூடம் இடிந்து விழுந்திருக்காது. இந்நேரம் அவள் அடுப்புக்கு முன்னால் நின்று சட்னி கேட்டுக்கொண்டிருப்பாள்.

போகும்போது ஒரு கவரை அவன் கையில் கொடுத்தார்கள். ஸ்வெட்டர். துவைத்து, தேய்த்து, மடித்து. பம்ப் தனியாக ஒரு பாலிதீன் உறையில்.

அவர்கள் கார் வளைவு திரும்பிய பிறகுதான் விரித்துப் பார்த்தான்.

மஞ்சள் துணி இல்லை.

பிரித்து எடுத்திருந்தார்கள். ஒரு நூல்கூட மிச்சமில்லாமல், அவ்வளவு ஒழுங்காக. பிள்ளை செத்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கிற ஸ்வெட்டரும் யூனிஃபார்மாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு அதை எடுத்துக்கொண்டு போனான். மேசைமேல் விரித்து வைத்து நடந்ததைச் சொன்னான். ஏட்டு கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். ஸ்வெட்டரைப் புரட்டினார். உள்பக்கம், வெளிப்பக்கம், மறுபடி உள்பக்கம்.

"பை எங்கீங்க?" என்றார்.

அவன் மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

லோகித்தை இரண்டு பஸ் மாறிப் போகிற பள்ளியில் சேர்த்தார்கள். அவனுக்கும் மூச்சில் லேசாக விசில் சத்தம் கேட்கிறதோ என்று கலாவதி ராத்திரிகளில் காதை வைத்துப் பார்த்தாள். கேட்கவில்லை. அப்படியும் அவன் ஸ்வெட்டரில் ஒரு பை தைத்தாள். அதில் அவன் பென்சில் சீவிய தூளைச் சேர்த்துவைத்தான்.

மறுபடியும் குளிர் வந்தது.

கடைவீதியில், கம்பளிக் கடை வாசலில், பிரதிக்ஷா படித்த பள்ளியின் ஸ்வெட்டர்கள் வரிசையாகத் தொங்கின. அவன் நின்றான்.

"இந்த வருஷம் புது மாடலுங்க," என்றார் கடைக்காரர். "பிள்ளைக்கு என்ன வயசு?"

"எட்டு."

ஒன்றை உருவிக் கொடுத்தார். முத்திரை மாறியிருந்தது. இப்போது தங்க நிற நூல். கழுத்துப் பட்டியும் அகலமாகியிருந்தது. யாரோ உட்கார்ந்து, நன்றாக யோசித்துத்தான் மாற்றியிருந்தார்கள்.

கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பிறகு இடப்பக்கம், நெஞ்சுக்கு நேரே, கையை வைத்துத் தடவினான்.

பை இல்லை.