எட்டடித் தொட்டிக்கு ஏற்ற கல்

"பெரிய தொட்டி. எட்டடி. நைட்ரேட் ஏறிண்டே இருக்கு" என்றார் கிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், வளர்ப்பு மீன் கடையின் படிக்கு வெளியே நின்றபடி.

தீனதயாளன் சட்டென்று எழுந்து நின்றான். மாமனார் அவன் கடைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம். மகள் பத்மப்ரியா, பொதட்டூர்பேட்டை லுங்கி நெய்கிறவர் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று தெரிந்ததும், இனி அந்த வீட்டுத் தண்ணீர் தன் கையில் படாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போகிறவர்.

அவளோ மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நாலு கடை ஏறி இறங்காமல் அரைக்கிலோ வெண்டைக்காய்கூட வாங்கமாட்டாள். அவள் வரும்வரை மனிதரை எப்படியாவது பிடித்து வைத்தாக வேண்டும்.

தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கிடைத்தால் சோதித்துப் பார்க்கலாம் என்றான். கிட்டு தயாராக மஞ்சள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்.

தீனதயாளன் அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கி ஓரமாக வைத்தான். நைட்ரேட் இருந்தால் குங்குமமாய்ச் சிவக்கும். அதற்குச் சற்று நேரமாகும். நல்லதாகப் போயிற்று.

பிறகு கடையையே கொட்டிப் பரப்பினான்.

தண்ணீரைச் சுத்தம் செய்யத் தொட்டியில் போடுகிற பிளாஸ்டிக் பந்து, மீன் கழிவை நைட்ரேட்டாக மாற்றுவதோடு சரி, அதைக் குறைக்காது என்றான். பீங்கான் வளையம் கொஞ்சம் தேவலை என்று அதைக் கையில் உருட்டி உருட்டிப் பேசினான். கடைசியில் எரிமலைக் கல்லுக்கு வந்தான். அதன் ஆழத்துப் பொத்தல்களில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள்தான் நைட்ரேட்டைத் தின்று தீர்க்கும்.

கிட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கண் மட்டும் உள்ளறைத் திரையை விட்டு நகரவில்லை.

"புதுக் கல்லு வேலைக்கு ஆவாதுங்க, பூச்சி குடியேற மாசக்கணக்காவும். எங்க தொட்டியில ஊறிகினு கீற கல்லையே தரேன். கழுவக்கூடாது. எங்க தண்ணியோடவே எடுத்துகினு போவணும்."

சொல்லிக்கொண்டே கல்லைத் தண்ணீரோடு ஒரு வாளியில் அள்ளிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். எந்த ஆளிடம் எந்தப் பேச்சு. அவ்வளவுதான், கிளம்பிவிடுவார்.

கிட்டு செருப்பைக் கழற்றினார். படியேறி உள்ளே வந்து, இரண்டு கைகளையும் நீட்டி வாளியை வாங்கிக்கொண்டார். தண்ணீர் தளும்பி விரல்களை நனைத்து, வேட்டியில் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

தீனதயாளன் முகத்தை மறைக்கக் குழாயின் பக்கம் திரும்பினான்.

குழாய் சிவக்கவில்லை. நல்ல இளமஞ்சள். அந்தத் தண்ணீரில் ஒரு மீன் ஒருநாள்கூட இருந்திருக்க முடியாது.

வாசலில் நிழல் விழுந்தது. வெண்டைக்காய்ப் பையோடு பத்மப்ரியா அப்படியே நின்றிருந்தாள்.

கிட்டு அவளைப் பார்த்தார். பிறகு வாளிக்குள் குனிந்துகொண்டார். கல்லைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்.

"இதைப் போட்டு வைக்க எட்டடியில ஒரு தொட்டியும் வேணுமே, மாப்ளே."