ஏழாவது கோப்பை

"மாப்பிள்ளை, உங்க கப்பு மறுபடியும் உடைஞ்சு போச்சு!"

மண்பாண்டப் பட்டறையின் வாசலிலிருந்தே முழங்கியது மாமனாரின் குரல். வாங்க வந்து கோப்பைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இரு பெண்மணிகளும் கையிலிருந்தவற்றை மெல்லக் கீழே வைத்தனர்.

மருமகன் கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "ஆறாவது தடவை மாமா..."

"பரவாயில்லையே, கணக்கு வெச்சிருக்கீங்க! என்கிட்டயும் ஒரு நீலக் கப்பு இருக்கு. ஃபேக்டரி சரக்கு. வேலையில சேர்ந்த வருஷம் வாங்கினது. முப்பத்திரண்டு வருஷமா ஒரு கீறல் கிடையாது. உங்க கப்புக்கு முன்னால தும்மக்கூட முடியலையே!"

பெண்மணிகள் சிரித்தனர். "அப்புறமா வர்றோம்" என்று நகர்ந்தனர். அப்புறம் என்றால் எப்புறம் என்பது அவனுக்குத் தெரியும்.

"உடைஞ்ச துண்டைக் கொண்டு வரச் சொல்லியிருந்தேனே மாமா? எந்த இடத்துல விரிசல் விட்டுதுன்னு பார்க்கணும்."

"மாசாமாசம் இதையே கேட்டு நச்சரிக்கிறீங்களேன்னு கொண்டு வந்துட்டேன்." செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்தார். அலமாரியிலிருந்து இன்னொரு நீலக் கோப்பையை எடுத்துக்கொண்டு பணத்தை நீட்டினார்.

"உடைஞ்சதுக்குப் பதிலா எடுத்துக்குங்க. பணம் வேண்டாம்."

"ஓசியில வாங்கற பழக்கம் எங்க பரம்பரையிலேயே இல்லை. பிடிங்க!"

வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

அலுவலக வேலையை உதறிவிட்டு அவன் இந்தப் பட்டறையை ஆரம்பித்தபோது, உதவுவதாகச் சொன்னவரும் இதே மாமனார்தான். "மாமனார் வீட்டுப் பணத்துல என் சூளை எரிய வேண்டாம்" என்று அன்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தான். அதற்குத்தான் இப்போது நாலு பேர் முன்னிலையில் பழி தீர்க்கிறார் போலும்!

பழைய மேலாளர் காலையில் தொலைபேசியில் கூறியிருந்தார்: "உன் இடம் காலியாத்தான் இருக்கு. அஞ்சு மணிக்குள்ள சரின்னு சொல்லு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

மணி நான்கரை.

கோப்பைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "அப்பா பேச்சை ஏன் மனசுல போட்டுக்கறீங்க? அவருக்கு வாய்தான் நீளம்."

"வாய் நீளமா இருக்கட்டும். கப்பு உடையறது நிஜம்தானே?"

அவள் அடுத்த கோப்பையை எடுத்துத் தாளில் சுற்றினாள்.

மண் கலவையை மாற்றிப் பார்த்தாயிற்று. இரண்டு மடங்கு நாள் உலரவிட்டாயிற்று. சூளையின் சூட்டையும் கூட்டியாயிற்று. கொதிநீரில் போட்டு உடனே குளிர்நீரில் அமிழ்த்தினான், விரிசல் இல்லை. கைப்பிடியில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டான், அதுவும் அசையவில்லை. இங்கே உடையாத கோப்பை அங்கே மட்டும் ஏன் உடைகிறது? மற்றவர்கள் வீட்டிலும் உடைகிறதோ? சொல்லாமலேயே வாங்குவதை நிறுத்திவிடுகிறார்களோ?

"உடையற பொருளை விக்கறதைவிட, நான் திரும்ப ஃபைல் கட்டவே போயிடறேன்" என்றவாறு தொலைபேசியை எடுத்தான்.

எண்ணை அழுத்துமுன் கண் பொட்டலத்தின்மேல் விழுந்தது. எங்கே பிழை என்பதையாவது தெரிந்துகொண்டு போகலாமே! பிரித்தான்.

வெளியே நீலம். உடைந்த விளிம்பிலோ, உப்பைப்போல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

அவனுடைய மண் வெந்தால், பூச்சுக்கு உள்ளே செங்கல் நிறமாக அல்லவா இருக்கும்?

அடிப்பாகத் துண்டைத் திருப்பினான். அவன் வழக்கமாகக் கீறும் எழுத்து அங்கே இல்லை. பாதி அழிந்துபோன தொழிற்சாலை முத்திரை இருந்தது.

மேலாளருக்குப் பதிலாக மாமியாரை அழைத்தான்.

"அத்தை, மாமாவோட பழைய நீலக் கப்பு..."

"அதையேன் கேக்கறீங்க! ஒருத்தரையும் தொட விடமாட்டார். இன்னிக்குக் காலையில அவரே சுத்தியால போட்டு உடைச்சுட்டார். துண்டைப் பொட்டலம் கட்டும்போது முகம் பார்க்கச் சகிக்கலை."

"அஞ்சாகப் போகுதுங்க" என்று மனைவி கடிகாரத்தைக் காட்டினாள். இருக்கட்டும் என்று கையமர்த்தினான்.

"அப்போ, நான் செஞ்ச கப்பெல்லாம் அத்தை?"

"அதுக்கென்ன, ஆறும் அலமாரியில வரிசையா குத்துக்கல்லாட்டம் நிக்குது. முதல்ல அதுல ஒண்ணைத்தான் எடுத்து வெச்சார். ரெண்டு தடவை சுத்தியை ஓங்கினார் மாப்பிள்ளை... மனசு வரலை."