கிறீஸ் பூசிய பெல்ட்

எஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை.

அவள் விசையை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். சத்தம்தான் கூடியது. ரப்பர் கருகும் மணம் வந்தது.

நிறுத்தினாள்.

மணி பத்து. இரண்டு நாள் அடித்த காற்று விடியமுன் ஓய்ந்திருந்தது. மலைமேல் போகும் வீதி இன்னும் பனியில் மூடித்தான் கிடந்தது. மலைக்கு அந்தப் பக்கம், நாற்பது கிலோமீற்றர் தள்ளி, ஒரு மணிக்கு அவளுக்குத் தேர்வு. தாதி உதவியாளர் தேர்வு. வருடத்துக்கு ஒருமுறைதான்.

நோர்வேயின் இந்த வடகோடியில் இன்று அங்கே போக வழி ஒன்றே ஒன்று. இந்தப் பழைய பனி ஸ்கூட்டர்.

பக்கமூடியைத் திறந்தாள்.

உள்ளே இரண்டு கப்பிகள். முன்னது எஞ்சினோடு சுற்றும். பின்னது பனியைத் தள்ளும் அடிப்பட்டையைச் சுற்றவைக்கும். இரண்டையும் சேர்ப்பது ஒரு ரப்பர் பெல்ட்.

பெல்ட் மினுங்கியது.

கையுறையைக் கழற்றி விரலால் தொட்டாள்.

கிறீஸ்.

கப்பிகளின் முகத்திலும் கிறீஸ். தாராளமாக, ஓரிடம் விடாமல்.

நேற்றுப் பின்னேரம் அவள் கணவன்தான் வண்டியைச் சரிபார்த்தான். "மலையில நீ தனிய நிண்டிடக்கூடாது" என்று சொல்லி இரண்டு மணித்தியாலம் பனியில் முழங்காலில் இருந்தான்.

இப்போது வாசற்படியில் நின்றான். கையில் தேநீர்.

"என்ன, நகருதில்லையோ?"

"இஞ்சேரப்பா, பெல்ட்டுக்கு ஆர் கிறீஸ் பூசினது?"

"நான்தான். ஏன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது உங்கட மயிலிட்டி வள்ளமில்லை. இது காய்ஞ்சு கிடக்கவேணும். வழுக்கினா எப்பிடி இழுக்கும்?"

கடலோர மயிலிட்டியில் அவன் வீட்டில் எந்த இரும்பும் காய்ந்து கிடந்ததில்லை. கத்தி, நங்கூரம், கதவுப் பிணைச்சல். உப்பு தொடுவதற்கு முன் எண்ணெய் தொட்டுவிட வேண்டும். இங்கே வந்து பதினொரு வருடம். இன்னமும் வீட்டுப் பூட்டுக்கும் திறப்புக்கும் மாதம் ஒருமுறை எண்ணெய் போடுவான். அவளுடைய சட்டைப்பைகளில் எல்லாம் அந்தக் கறை இருக்கும்.

"கடலோடியைக் கட்டினா இதுதான்," என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. உள்ளே போனான். வாளியில் சுடுநீரும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கொண்டு வந்தான்.

மாற்று பெல்ட் இல்லை. இதுதான் அந்த மாற்று.

அவன் பெல்ட்டைக் கழுவினான். ஒவ்வொரு பல்லிடுக்காக, மீன் செவுளுக்குள் விரல் விடுவதுபோல. அவள் பழைய படுக்கைவிரிப்பைக் கிழித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, கப்பிகளைத் துடைத்தாள். துணி கறுத்தது. இன்னொன்று கிழித்தாள்.



தேறினால் மலைக்கு அந்தப் பக்கத்து முதியோர் இல்லத்தில் வேலை. கிழமை நாட்களில் அங்கேயே ஓர் அறை. சனி, ஞாயிறு மட்டும் வீடு. அவனால் மீன் தொழிற்சாலையை விட்டு வர முடியாது. இதைப் பற்றி ஒரேயொரு தடவைதான் பேசினார்கள். அவன் "போ" என்றான். பிறகு வெகுநேரம் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

அவன் பின்கப்பியை இரண்டு கைகளாலும் அகற்றிப் பிடித்தான். அவள் காய்ந்த பெல்ட்டை உள்ளே இறக்கினாள். கப்பி மூடிக்கொண்டது.

எஞ்சினை இயக்கினாள். விசையை மெல்லத் தொட்டாள்.

சறுக்குக்கட்டைகள் ஒரு சாண் முன்னே போயின.

"அப்பாடா!"

அவன் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பக்கமூடியின் உட்புறத்தில் உள்ளங்கையளவில் ஒரு மஞ்சள் படம் ஒட்டியிருந்தது. எண்ணெய்க் குப்பி. அதன் குறுக்கே சிவப்புக் கோடு.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இதைப் பாத்திட்டுத்தான் பூசினனான்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் திறப்பைத் திருப்பினாள். எல்லாம் அடங்கியது. கீழே குடாவில் ஒரு படகு போகும் சத்தம் கேட்டது.

அவள் இறங்கினாள்.

முதலிலிருந்து சோதிக்கத் தொடங்கினாள். அவன் கை வைத்த ஒவ்வொன்றையும்.

வலப்பக்கம் சங்கிலிப் பெட்டி. அளவுகோலை உருவினாள். எண்ணெய் கோட்டில் நின்றது. நிறம் தெளிவு. சங்கிலியில் தொய்வு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவுதான்.

பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். சொல்வதற்கு முன் அவன் தூக்கிப் பிடித்தான்.

அடிப்பட்டை இரண்டு பக்கமும் ஒரே அளவில் தொங்கியது. விரல்களால் அளந்தாள். திரும்பவும் அளந்தாள்.

அச்சு மூட்டுகளில் கிறீஸ். இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவு.

ஒவ்வொரு திருகாணியாக முறுக்கிப் பார்த்தாள். அவள் கேட்பதற்கு முன் அவன் ஸ்பானரை நீட்டினான். பதின்மூன்று. பதினேழு. திரும்பப் பதின்மூன்று. ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஓர் ஆணிகூடத் தளரவில்லை.

அவள் செய்திருந்தால் இவ்வளவு நன்றாகச் செய்திருக்கமாட்டாள்.

பதினொன்று இருபது.

ஸ்பானர்களைப் பனியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். தலைக்கவசத்தை மாட்டினாள். விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. நாடிக்குக் கீழே வாரைப் பூட்ட வரவில்லை. ஒருதரம் முயன்றாள். இன்னொருதரம்.

அவன் கையுறைகளைக் கழற்றினான். அருகில் வந்தான். தொடவில்லை. காத்து நின்றான்.

அவள் நாடியை உயர்த்திக் கொடுத்தாள்.