களிமண் மணிக்கட்டு

இருபத்து மூன்று வருட நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் களிமண் சிற்பம் கற்க வந்திருந்தாள் சந்தனமேரி. அன்றன்று செய்ததை மாலையில் பிசைந்து தொட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது வகுப்பின் வழக்கம். நாலு மாதமாக மூக்கு, காது, பாதம் என்று எதையும் தயங்காமல் பிசைந்து போட்டிருக்கிறாள். இன்று செய்தது ஒரு கை. அதைப் பிசையப் போனவளின் மூன்று விரல்கள் பழக்கதோஷத்தில் மணிக்கட்டின் மேல் பதிந்தன. கண்கள் சுவர்க் கடிகாரத்துக்குப் போயின.

"என்ன சிஸ்டர், மண்ணுக்கு நாடி பாக்குறீங்களா?" என்று ஆசிரியர் இளவழகன் சிரித்தார். வகுப்பே சிரித்தது. வினாடி முள் பாதி வட்டத்தைத் தாண்டியிருந்தது.

சந்தனமேரி திரும்பாமலே சொன்னாள்: "கொஞ்சம் சும்மா இருங்க சார், எண்ணிட்டிருக்கேன்ல."