கிளைக்கொம்பனின் மகன்

அந்த மலைக்காட்டுக் கடமான்களில் கிளைக்கொம்பனைப் போலக் கொம்பு விரிந்தவன் வேறு யாரும் இல்லை. மேட்டில் நின்று அவன் குரல் கொடுத்தால் போதும், அவன் துணை செவந்தி எங்கே மேய்ந்தாலும் ஓடி வந்துவிடுவாள்.

ஒரு நாள் துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். "மான் பெருத்துப்போச்சு, புல்லு பத்தாது. சிலதைக் குறைச்சாத்தான் மத்தது பிழைக்கும்" என்று பேசிக்கொண்டார்கள். கூட்டம் முழுவதையும் நிதானமாகப் பார்த்தார்கள். பிறகு கிளைக்கொம்பனை மட்டும் சுட்டு, தலையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

செவந்தி மேய்ச்சலை மறந்து அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொம்பு சிறுத்துப்போன கிழட்டு மான் மாடன் நொண்டிக்கொண்டே அருகில் வந்தான்.

"புல்லை நானுந்தானே தின்னுறேன், தாயி. என்னை ஏன் விட்டுட்டாங்க?"

"உன் தலையில என்ன இருக்கு, அண்ணே?" என்றாள் அவள்.

பனிக்காலம் வந்தது. வேறு ஆண்மான்கள் கூப்பிட்டன. அவள் காதைக்கூடத் திருப்பவில்லை. ஒரு காலையில் அவளுடைய குட்டி துள்ளிக்கொண்டு வந்தான்.

"அம்மா, நெத்திக்கு மேல ரெண்டு பக்கமும் அரிக்குது. எனக்கும் அப்பா மாதிரியே கொம்பு வருமா?"

அவனைச் சுமந்த நாள் முதல் அவள் ஆசைப்பட்டது அதற்குத்தான். அரும்பு விட்டிருந்த இடத்தை மெல்ல நக்கிக் கொடுத்தாள்.

"வர வேண்டாம்டா, கண்ணு" என்றாள்.