குட்டைக் குழாயா, நெட்டைக் குழாயா

"குட்டையா நெட்டையா, ரெண்டுல ஒண்ணு சொல்லு மாப்ள. எனக்கு வேற வண்டியும் நிக்குது."

மெக்கானிக் பீமாராவ் இதைக் கேட்டு அரை மணி நேரம் ஆயிற்று. அருண்பாண்டி இன்னும் பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சமயநல்லூர் ரோட்டோர ஒர்க்‌ஷாப். பெஞ்சின்மேல் விரித்த செய்தித்தாளில் இரண்டு மேனிபோல்டுகள். இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்புகிற குழாய்க் கொத்து, அவ்வளவுதான். ஆனால் இது கோயம்புத்தூரில் சொல்லிவைத்து, ஆறு மாதம் காத்திருந்து வந்த அலுமினியம். தாம்பாளத்தில் வைத்த வெள்ளிச் சாமான் மாதிரி மினுங்கியது.

குட்டைக் குழாய் போட்டால் நாலுவழிச் சாலையில் வண்டி பறக்கும், ஊருக்குள் முக்கும். நெட்டைக் குழாய் போட்டால் பெரியார் பஸ் ஸ்டாண்டு நெரிசலிலும் சொன்ன பேச்சு கேட்கும், ஆனால் ஓரளவுக்கு மேல் வேகம் ஏறாது.

ஆறு மாதத்துக்கு முன் என்றால் பீமாராவைக் கேள்வியை முடிக்கவே விட்டிருக்க மாட்டான். குட்டை.

அந்த வெள்ளைக் காரில் அவன் செய்யாத வேலை இல்லை. சைலன்சரை மாற்றினான், திருப்பரங்குன்றத்தில் அவன் வண்டியைக் கிளப்பினால் மூன்று தெரு தள்ளித் தொட்டிலில் பிள்ளை அழும். எடை குறையட்டும் என்று பின் சீட்டைக் கழற்றினான். இன்ஜின் பலத்தைத் தின்கிறது என்று போன சித்திரையில் ஏசியையும் கழற்றினான்.

சித்திரை மாதம் மதுரையில் ஏசியைக் கழற்றிய மனிதர் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

முத்துமீனா அந்த வண்டியில் பட்டும் மல்லிகையுமாக ஏறுவாள், வெந்து இறங்குவாள். அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியை ஏற்றிவிட்டு, மெதுவாக, பேசிக்கொண்டே எங்காவது போய் வரவேண்டும்.

"அதான் வீட்டுல பேசுறோம்ல?" என்றானாம் அவன்.

இதை அவள் பக்கத்து வீட்டுக் கனகாவிடம் சொன்னாள். கனகா யாரிடம் சொன்னாள் என்று கேட்பதைவிட, யாரிடம் சொல்லவில்லை என்று கேட்பது சுலபம்.

வைகாசியில் நாகமலை புதுக்கோட்டைக்கு, அப்பா வீட்டுக்குப் போனவள்தான். இவன் இரண்டு தடவை கூப்பிடப் போனான். இரண்டு தடவையும் தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதுமே அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஸ்ஸில் போயிருக்கலாம். அது அவனுக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

பீமாராவ் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "சரி, இனி இந்த வண்டிய எங்கிட்டு ஓட்டப் போற? அதச் சொல்லு, நானே எடுத்துத் தாரேன்."

அருண்பாண்டி செய்தித்தாளின் மடங்கிய ஓரத்தை நீவி விட்டான். "வெள்ளிக்கிழம மீனா வாராண்ணே. அவங்க அப்பாவும் வாராரு."

பீமாராவுக்கு முகமெல்லாம் பல்.

"அட கூறுகெட்டவனே! இத மொதல்லயே சொல்லக் கூடாதா? இம்புட்டு நேரமா என்னையும் நிக்க வச்சு... நெட்டைதான். தங்கச்சி அலுங்காம குலுங்காம போகட்டும்."

கையோடு நெட்டையை எடுத்துவிட்டார்.

அருண்பாண்டி அதை அவர் கையிலிருந்து வாங்கித் திரும்பப் பெஞ்சிலேயே வைத்தான். விரல் பட்ட இடத்தைச் சட்டை நுனியால் துடைத்தும் வைத்தான்.

பிறகு காரின் பின்கதவைத் திறந்து, சீட்டு இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு சாக்கை இழுத்துப் போட்டான். பழைய சைலன்சர் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஏசியின் சாமான்கள். அதற்கும் அடியில், கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த கருப்பு பிளாஸ்டிக் மேனிபோல்டு.

"இதையே மாட்டிருங்கண்ணே. எல்லாத்தையும். பின் சீட்டு ஒங்க பரண்லதான கெடக்கு?"

பீமாராவ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பெண்டாட்டி வருகிற சந்தோஷத்தில் ஆள் அடியோடு திருந்திவிட்டான் என்று நினைத்திருப்பார். சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினார்.

அருண்பாண்டி காரின் இடது கதவைத் திறந்து உட்கார்ந்தான். வண்டி வந்த இரண்டு வருடத்தில் அந்தப் பக்கம் அவன் உட்காருவது இதுதான் முதல் தடவை. சாயங்கால வெயில் நேரே கன்னத்தில் அறைந்தது. இந்தச் சீட்டில் வெயில் இவ்வளவு அடிக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தான். போன வாரம் மாமனார் பால்பாண்டி கொடுத்தனுப்பியது. கல்யாணத்தன்று சபையில் வாசித்த அதே சீர்வரிசைத் தாள், ஓரத்தில் மஞ்சள்கூட அப்படியே இருந்தது.

கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், குத்துவிளக்கு ஒரு ஜோடி. தேடி எடுத்துக் கட்டி வைத்ததற்கெல்லாம் நேரே அவனே டிக் போட்டிருந்தான். டிக் இல்லாதது கடைசி வரி மட்டும்.

வெள்ளைக் கார், ஒன்று.

"மாப்ள!" பரணிலிருந்து பீமாராவின் குரல். "சீட்டுல பாலித்தீன் கவர்கூட பிரிக்காம கெடக்குடா. தங்கச்சி வரப்போவுது, பிரிச்சு விட்ரவா?"

"வேணாம்ணே," என்றான் அருண்பாண்டி. "குடுத்தது குடுத்தபடியே போகட்டும்."