திட்டியவரும் எழுதியவளும்

பழைய ஆய்வேடுகளில் இருக்கும் புதுக்கருத்து யாருடையது என்று பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் மறுபடி அலசியது. செண்பகவல்லியின் முறை வந்தது.

முப்பது வருடங்களுக்கு முன் தன் ஆய்வுக்காக அவள் மருத்துவமனைக்கு வடிவமைத்த டோக்கன் மென்பொருளில் ஒன்றுதான் புதிது என்றது: தாமதமானால் காரணத்தையும் திரையில் காட்ட வேண்டும். அதையும் ஒரு நோயாளி சொன்னதாக அவளுடைய பழைய நோட்டிலேயே இருந்ததாம். அவர் ஆமென்றால் அவளுடைய முனைவர் பட்டம் போய்விடும்.

அந்த நோயாளி ராஜாமணி, இப்போது அவள் கணவர், பக்கத்தில் சிரித்தார். கட்டுப்போட்ட கையோடு அவர் கத்திய மழைநாள் அவளுக்கு இன்னும் இனித்தது.

"அந்தக் கருத்து உங்களுடையதா?" என்றது இயந்திரம்.

"கருத்தா? 'ஏன் லேட்டுன்னு சொல்லித் தொலைங்கம்மா'ன்னு திட்டினேன். அன்னைக்கு எல்லாருந்தான் திட்டினோம். நோட்டை எடுத்து எழுதிக்கிட்டது இவ ஒருத்திதான்."